லாரி உரிமையாளர்களுக்கு: கேபினுக்கு ஓர் இன்வெர்ட்டர் வேண்டும்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டார லாரி உரிமையாளர்களுக்கு வணக்கம்.

போன மே மாதம் நாக்பூர் பக்கம் ஒரு குடோன் வாசலில் லோடு இறக்கக் காத்திருந்த நம்ம ஊர் வண்டி ஒன்று காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ராத்திரி முழுக்க இன்வெர்ட்டரில் காற்றாடி ஓட்டியதால்தான் பேட்டரி போனது என்று சொல்லி, இரண்டு பேட்டரியின் விலையையும் டிரைவர் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். நானும் லைன் வண்டி, அதாவது வெளிமாநிலம் வரை நெடுந்தூரம் போகிற லாரி, ஓட்டுகிற டிரைவர்தான். அவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். அந்தப் பணத்தை அவரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம்.

மே மாத நாக்பூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பல பேர் ஸ்டியரிங் பிடித்துத்தான் முதலாளி ஆனீர்கள். 45 டிகிரி அடித்த நாளில் இன்ஜினை அணைத்த பிறகும் அதன் சூடு கேபின் தரை வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். சீட்டின் ரெக்ஸின் முதுகில் ஒட்டும். கண்ணாடியை இறக்கினால் கொசு. கூடவே, டீசல் டேங்க் மூடியில் யாராவது கை வைக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டே கிடக்க வேண்டும். ஏற்றிவிட்டால் மூச்சு முட்டும். விடிகிற நேரத்தில்தான் கொஞ்சம் தணியும். கண் அசந்தால், வண்டியை உள்ளே எடு என்று கேட்டைத் தட்டுவார்கள். அப்புறம் அதே கண்ணோடு என்எச் 44-ல் 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஊர் திரும்ப ஓட்ட வேண்டும். எதிரே வருகிற பஸ்ஸில் எத்தனை உயிர் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த பேட்டரி ஏன் போனது? நம்ம வண்டிகள் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்திருக்கிறோம். கடையில் சல்லிசாகக் கிடைப்பது காருக்கான 12 வோல்ட் இன்வெர்ட்டர். அதை இரண்டில் ஒரு பேட்டரியில் மட்டும் மாட்டிவிடுகிறார்கள். அந்த ஒன்று இறங்கிப்போகும். வண்டி ஓடும்போது, இன்ஜினோடு சுற்றி கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாகத்தான் சார்ஜ் ஏற்றும். எது இறங்கியது என்று அதற்குத் தெரியாது. இறங்கியது அரைகுறையாகவே நிற்கும், நல்லது அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் வற்றும். கொஞ்ச நாளில் இரண்டும் காலி. டிரைவர் தன் காசில் தெரிந்த மாதிரி செய்துகொண்டால் இப்படித்தான் ஆகும். 500 வாட் எடுத்தால் 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் ஓடும். சிகரெட் லைட்டர் பாயிண்டுக்குப் போகிற ஒயர் அதைத் தாங்காது. ஒயர் உருகி கேபின் பற்றிக்கொண்டால் யார் பொறுப்பு?

அதனால் கேட்கிறோம்: தனி பேட்டரிகளோடு 24 வோல்ட் இன்வெர்ட்டர் ஒன்றை நீங்களே வாங்கி, நல்ல எலக்ட்ரீசியனை வைத்துப் பொருத்தித் தாருங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், சார்ஜ் குறைந்தால் தானாக நிற்கிற கட்-ஆஃப், வண்டி நிற்கும்போது இன்ஜின் பேட்டரியைத் தொடாத இணைப்பு. இவ்வளவு இருந்தால் செல்ஃப் எடுக்காமல் போகிற பேச்சே இல்லை.

எங்களுக்குத் தேவைப்படும் கரண்ட் எவ்வளவு தெரியுமா? கரண்ட் குறைவாக இழுக்கிற 30 வாட் பிஎல்டிசி காற்றாடி 10 மணி நேரம், 400 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரம். இரண்டும் சேர்ந்து அரை யூனிட். ஓடுகிற வண்டி அதைப் பகலிலேயே ஏற்றிவிடும். கேபினுக்குள் ஸ்டவ் பற்ற வைக்கிற ஆபத்தும் போகும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் நாங்கள் ஓட்டுவதில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய வண்டிகள். புது வண்டியிலும் நின்ற இடத்தில் ஏசி ஓட இன்ஜின் ஓட வேண்டும். மணிக்குச் சுமார் 2 லிட்டர் டீசல் போகும். அந்த டீசலுக்கும் எங்களிடம்தானே கணக்குக் கேட்பீர்கள்?

மைலேஜ் குறைந்தால் டிரைவர். டயர் வெடித்தால் டிரைவர். தார்ப்பாய் கிழிந்து லோடு நனைந்தால் டிரைவர். லோடு இறக்கப் போகிற கம்பெனிகளில் கக்கூஸுக்குக்கூட உள்ளே விடாத இடங்கள் உண்டு. அங்கே எங்களுக்காக ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க ஜிபிஎஸ் மாட்டியிருக்கிறீர்கள். உள்ளே இருக்கிறவன் தூங்கினானா என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? சரி, அதையெல்லாம் இன்னொரு நாள் பேசுவோம். இன்று கேட்பது இன்வெர்ட்டர் மட்டும்.

கேஸ், பெட்ரோல் டேங்கர்களுக்கு இதைக் கேட்கவில்லை. அந்த வண்டிகளில் கூடுதல் ஒயரிங் எதுவும் கூடாது. அந்த டிரைவர்களுக்கு லோடிங் பாயிண்டில் காற்றாடியோடு ஓய்வறை வாங்கித் தருவது உங்கள் சங்கங்களால் முடிகிற காரியம்.

புது சேசிஸ் பாடி கட்டப் போகும்போதே இன்வெர்ட்டருக்கு ஒயரிங் இழுத்துவிடச் சொல்லுங்கள். பழைய வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) வேலை பார்க்கும்போது சேர்த்துச் செய்யலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எடுத்து, கோடைக்கு முன்னால் லைன் வண்டிகளிலாவது பொருத்தித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லைன் வண்டி டிரைவர் ஒருவன்,
நாமக்கல் மாவட்டம்