ஊர்ப்பேர்

அன்புள்ள மக்கா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மைனி போனில் சொன்னாள். டாக்டர் சொன்ன ஒரு மாதம் குனியாமல், தூசியில் அலையாமல் இரு. நீ படிக்கச் சிரமப்படக்கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் பேச்சை எடுத்ததும் நீ “விடு மக்கா” என்பாய், நானும் விட்டுவிடுவேன். நாற்பது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஊர்ச் சேதி. தோவாளைக்காரன் இளைய மகள் கல்யாணம் நாகர்கோவிலில் நடந்தது. மண்டபத்துக்குள் கால் வைக்கும்போதே பிச்சிப்பூ வாசம். பூ எல்லாம் அவன் கடையிலிருந்தே வந்தது. முட்டத்துக்காரன் பேரனோடு வந்திருந்தான். கடுக்கரைக்காரன் இப்போது கம்பு ஊன்றித்தான் நடக்கிறான், ஆனால் வாய் குறையவில்லை. நீ மட்டும்தான் பாக்கி. குலசேகரத்துக்காரன் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

பந்தியில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எரிசேரி, புளிசேரி எல்லாம் முடிந்து இலையில் அடைப்பிரதமன் விழுந்தது. நான் வழக்கம்போல மட்டிப்பழத்தை உரித்துப் போட்டு, பப்படத்தை நொறுக்கிப் பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்து இலைக்காரர் மாப்பிள்ளை வீட்டு ஆள், மதுரைப் பக்கம். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இதெல்லாம் பழகிட்டீங்களா பாய்?” என்றார். எனக்குப் புரியவில்லை. “வீட்ல உருதுதானே பேசுவீங்க? ஆனா தமிழ் சுத்தமா வருது” என்று அவரே தொடர்ந்தார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல மனுஷன், தெரியாமல் கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பிரதமன் வாளியோடு தோவாளைக்காரன் எனக்குப் பின்னால் நின்றான். பெண்ணைப் பெற்றவன், அன்றைக்கு அவன் பரிமாறவே வேண்டாம். எனக்கு ஊற்றுவதற்காகவே வாளியை வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அவன் சிரித்துக்கொண்டே, “நம்ம பாய் எங்களைவிட நல்லா சாப்பிடுவாரு” என்றான். இலையில் இன்னொரு கரண்டி விழுந்தது. “இவன் தக்கலைக்காரன்” என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். நீ குலசேகரத்துக்காரன். மற்ற மூன்று பேருக்கும் ஊர்ப்பேர். காலேஜ் முதல் வருடத்திலிருந்தே அப்படித்தான். ஐந்து பேரில் எனக்கு மட்டும் ஊர் இல்லை. நான் பாய். அண்ணன் தம்பி என்றுதானே அர்த்தம், அதில் என்ன குறை என்று நீ கேட்பாய். எங்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம் மக்கா, யாரும் பாய் என்று கூப்பிட்டதில்லை. உருது எனக்கு ஒரு வரி தெரியாது. தென்காசியில் பிறந்து எங்கள் ஊரில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி பீரப்பா பாடியதெல்லாம் தமிழ். ரஜப் மாதம் தர்காவில் விடிய விடிய அதைப் பாடுவார்கள். ஒரு வருடம் நீயும் வந்தாய், நடுராத்திரிக்கு மேல் என் தோளில் சாய்ந்து தூங்கினாய்.

வாப்பாவை உனக்கு ஞாபகம் இருக்கும். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நம்மைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடிய தமிழர்களைத் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டதே, அப்போது அவருக்கு இருபது வயது. நேசமணியோடு நின்ற தலைவர்களில் அப்துல் ரசாக்கும் ஒருவர் என்று சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1956இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் அவருக்குப் பெருநாள் மாதிரி. ஒவ்வொரு நவம்பர் 1க்கும் கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். அவருடைய மகனிடம்தான் ‘தமிழ் சுத்தமா வருது’ என்கிறார்கள். வாப்பா இல்லாதது நல்லது என்று அன்றைக்கு முதல்முறையாகத் தோன்றியது.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி இந்துக்கள் நூற்றுக்கு 48 சொச்சம், கிறிஸ்தவர்கள் 46 சொச்சம். நாங்கள் 4 சொச்சம். இங்கே மேடையில் சிறுபான்மை என்று பேசுகிறவர்கள்கூட கிறிஸ்தவர்களான உங்களை நினைத்துத்தான் பேசுவார்கள். 82 மார்ச்சில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் மண்டைக்காட்டுக் கலவரம் நடந்ததே, அப்புறம் நீயும் முட்டத்துக்காரனும் ஒரு பெஞ்சு, தோவாளையும் கடுக்கரையும் இன்னொரு பெஞ்சு. நான் நடுவில். அந்தப் பக்கத்துச் சங்கடத்தை இந்தப் பக்கம் சொல்லாமல், இந்தப் பக்கத்துக் கோபத்தை அந்தப் பக்கம் சொல்லாமல், இரண்டையும் வயிற்றில் வைத்துக்கொண்டு அலைந்தேன். நீங்கள் திரும்ப ஒன்றாக உட்கார்ந்து சாயா குடித்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் நாலு பேரில் ஒருவன்கூட, “உனக்கு எப்படி இருக்கு, பயமா இருக்கா?” என்று கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு பக்கமும் என்னிடம் மனசைத் திறந்தது நம்பிக்கையால்தான். நான் எந்தப் பக்கத்துக்கும் சொந்தம் இல்லை என்பதும் அதில் இருந்தது.

இப்போது வாட்ஸ்அப் குரூப்பிலும் அதைத்தான் பார்க்கிறேன். எங்காவது குண்டு வெடித்தது என்று செய்தி வந்தால் அன்றைக்குக் குரூப்பே மூச்சு விடாது. எனக்கு வலிக்கக்கூடாது என்றுதான் எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள், தெரியும். சாயங்காலம் யாராவது ஒருவன் “நம்ம பாய் அப்படி இல்லை” என்று போடுவான். அப்படி என்றால் எப்படி மக்கா? மற்ற எல்லோரும் அப்படி என்றா? என் உம்மா, என் மகன், பள்ளிவாசலில் என் பக்கத்தில் தொழுகிறவர்கள்?

உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் தெருவில் ஒரே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. அந்த அக்காவை நாங்கள் வேதக்கார அக்கா என்றுதான் சொல்வோம். நோன்புக் கஞ்சி ஒரு நாள் தவறாமல் அவர்கள் வீட்டுக்குப் போகும், கிறிஸ்துமஸ் முந்திரிக்கொத்து எங்கள் வீட்டுக்கு வரும். போன ஆவணியில் அவள் இறந்தபோது போஸ்டரைப் பார்த்துத்தான் அவள் பேரே எனக்குத் தெரிந்தது. அறுபது வருடம் ஒரே தெரு. போஸ்டர் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

கல்யாண அலுப்புத் தீர்ந்ததும் தோவாளைக்குப் போய் அவனிடம் நேரில் சொல்லப்போகிறேன். கடைத் திண்ணையில் உட்கார்ந்து, அவன் பூக்கட்டை எண்ணும்போது சொல்வேன். அவனுக்குச் சுருக்கென்று இருக்கும். அழுதாலும் அழுவான், அவன் மனசு அப்படி. இருந்தாலும் சொல்லாமல் செத்துப்போனால் நான் அவனுக்கு முழுச் சிநேகிதனாக இருந்ததாக ஆகாது.

வீட்டில் எல்லோரும் சுகம். அவளுக்கு முட்டுவலிதான் குறையவில்லை. மகன் தம்மாமிலிருந்து தையில் வருகிறான். உனக்கு மட்டிப்பழம் ஒரு குலை பழுக்க வைத்திருக்கிறேன், கோயம்புத்தூர் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், பார்த்து வாங்கிக்கொள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது குலசேகரத்துக்கு நேரே போய்விடாதே, இங்கே இறங்கி ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போ.

பதில் எழுது. கண் சரியான பிறகு எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தக்கலைக்காரன்