வசனத்தில் பாதியைக் காணோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

சென்ற இதழின் தனிநபர் சுவிசேஷம் பற்றிய கட்டுரையில், "பக்கத்து வீட்டாரிடம் இயேசுவைப் பற்றி வாய் திறக்காதவர் பாதி விசுவாசிதான்" என்று ஒரு வரி. அதற்குத் துணையாக 1 பேதுரு 3:15. அதிலும் "உத்தரவுசொல்ல (அதாவது, பதில் சொல்ல) எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்ற கடைசித் துண்டு மட்டும் கொட்டை எழுத்தில். அதற்கு முன்னால் இருக்கும் "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" எங்கே போயிற்று? இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். அதே பக்கத்தில் பாதியைக் கல்யாண மண்டப விளம்பரம் அடைத்திருந்தது.

இந்தப் பாதி விசுவாசி அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் செவிலியராக இருந்தவள். தீக்காய வார்டில் நான் இருந்தபோது ஞாயிறு மதியம் பார்வையாளர் நேரத்தில் ஒரு குழு கைப்பிரதிகளோடு வரும். கட்டில் கட்டிலாகக் கொடுத்துக்கொண்டே போவார்கள். நின்று ஒருவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்க நேரமிருக்காது. ஒரு நாள், மகளைச் சேர்த்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளின் கையிலும் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான்காக மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்து, மாலையில் என்னிடம் பிரித்துக் காட்டி, "இந்தச் சீட்டுக்கு மருந்து எந்த ஜன்னலில் தருவார்கள் சிஸ்டர்?" என்று கேட்டார். நான் என்ன உத்தரவு சொல்லியிருக்க வேண்டும்? கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

கட்டுப் பிரிக்கும் முன் ஒரு நொடி கண்ணை மூடுவது என் வழக்கம். ஒரு பாட்டி அதைக் கவனித்து, யாரைக் கும்பிடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "என் பேரனுக்கும் சேர்த்துச் சொல்லு தாயி" என்றார். நெற்றியில் திருநீற்றோடு வந்தவர், திருநீற்றோடுதான் ஊருக்குப் போனார். உங்கள் ஊழிய அறிக்கையில் இதற்கு எந்தக் கட்டம்?

என்னைக் கோழை என்று நினைத்துவிட வேண்டாம். 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது எங்கள் சபையின் உபவாச ஜெபத்தில் நாள் முழுக்க முழங்காலில் இருந்தவள். மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தரும் உரிமையும் எனக்குத் தெரியும். கட்டுரையாளர், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடரை வேறு துணைக்கு இழுத்திருக்கிறார். அவர் இளம்பெண்ணாக இருந்தபோது ஒரே இரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டிய மூன்று கணவன்மாரும் தேடி வந்தது பிரசங்கத்தையா, பிரசவம் பார்க்க ஒரு பெண்ணையா? அந்த மூன்று தாய்மாரும் இறந்துபோனதால்தான் அவர் டாக்டருக்குப் படித்தார். 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் வேலையைத் தொடங்கினார். உங்களுக்குத் தெரியாததா?

பக்கத்து வீட்டார் என்னிடமும் விசாரிக்கத்தான் செய்கிறார்கள். "உங்கள் கோயில் தேர்தலுக்கு ஏன் அம்மா போலீஸ் வந்தது?" என்று கேட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு மூலை எதற்கு என்று எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் கேட்டாள். இதைப் பற்றி நான் இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டையும் நீங்கள் போடவில்லை. ஒருவேளை அவையும் நீளமாக இருந்திருக்கும். விடிகாலை நாலரைக்கு அலறும் குழாய் ஒலிபெருக்கியைப் பற்றி எழுதிய அஞ்சலட்டை நீளமில்லை, அதுவும் வரவில்லை.

போகட்டும். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் அந்த வசனத்தை முழுதாக, அதே கொட்டை எழுத்தில் போடுங்கள். இடத்துக்குக் காசு வேண்டுமென்றால், கல்யாண மண்டபக்காரர் கட்டியதையே நானும் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
இருபது வருடச் சந்தாதாரரான ஒரு சகோதரி
(பெயர் வேண்டாம்)