மலைக்கு மேல் பிசிக்ஸ் டீச்சர் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், படித்தவர்கள் வெளிநாடு போவதால் கல்வி கெடாது, அந்த ஆசையில் இன்னும் பலர் படிப்பார்கள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் என்பதால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஏற்காட்டில், இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே ஒரு மேல்நிலைப் பள்ளி. இடமாறுதல் கலந்தாய்வு வந்தாலே ஆசிரியர்கள் சேலத்துக்கு இறங்கிவிடுவார்கள். அது பழைய கதை. 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஒரு முதுநிலை இயற்பியல் ஆசிரியை வந்தார். சம்பளம் மாதம் 12,000 ரூபாய். தினமும் அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வருவார். அருமையாக நடத்துவார், நானே பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

2023-இல் இங்கிலாந்து, வெளிநாட்டு இயற்பியல் ஆசிரியர்கள் குடிபெயர்ந்து வர 10,000 பவுண்டு தருவதாக அறிவித்தது. நம் பணத்தில் கிட்டத்தட்ட பத்து லட்சம், அதாவது அந்தப் பெண்ணின் ஏழு வருஷச் சம்பளம். டிசம்பரில் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் காப்பிப் பழம் பறிக்கும் மாதம் அது. பிள்ளைகள் பாதிப் பேர் தோட்டத்தில் இருந்தார்கள். மீதிப் பேருக்கு வாரம் இரண்டு நாள் நான் போய்ப் பாடம் எடுத்தேன். ஒளியைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தொடாமலே செய்முறைத் தேர்வுக்குப் போனார்கள். அடுத்த வருஷம் பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் உள்ள முதல் குரூப்பில் சேர்ந்தது நான்கே பேர். டீச்சரே இல்லாத பாடத்தை எந்த ஆசையில் எடுப்பார்கள்?

பிலிப்பைன்ஸில் நர்சிங் கல்லூரிகள் பெருகியதைக் கட்டுரையாளர் காட்டுகிறார். பெருகின, மறுக்கவில்லை. அங்கே டாக்டர்களே மறுபடி நர்சிங் படித்து அமெரிக்கா போனதும், சொல்லிக்கொடுக்க வேண்டிய அனுபவசாலிகள் கிளம்பியதும் தங்களுக்குத் தெரியாததல்ல. அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

வெளிநாட்டில் சம்பாதிப்பவர்களிடம் தனி வரி வாங்கி அவரவர் சொந்த நாட்டுக்குத் தரலாம் என்று பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி 1970களிலேயே சொன்னார். பேச்சோடு நின்றது. ஏழை நாட்டுப் பள்ளிகள் பாதிக்காதபடி ஆசிரியர்களை எடுக்க வேண்டும் என்று காமன்வெல்த் நாடுகள் 2004-இல் ஒப்புக்கொண்டன. மீறினால் கேட்க அதில் சட்டம் கிடையாது. இங்கேயும் யாரை நொந்துகொள்வது? எம்.எஸ்சி., பி.எட். முடித்தவருக்குப் பன்னிரண்டாயிரம் என்று முடிவு செய்தது இங்கிலாந்து அல்லவே.

மலைப் பள்ளிகளின் காலியிடம் பற்றி முன்பு இரண்டு முறை எழுதினேன். பிரசுரமாகவில்லை, இடமில்லாமல் இருந்திருக்கும். வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சி விளம்பரம் முழுப் பக்கம் வருகிறது. ஜூன் மாதம் அந்தப் பக்கத்துக்கு எதிரே, சேலம் மாவட்டத்தில் எந்தெந்த மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல், கணித ஆசிரியர் இல்லை என்ற பட்டியலை அரைப் பத்தி அளவுக்காவது வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ஏற்காடு அடிவாரம், சேலம்.