பூனைக்கு இன்சுலின்: சிரிஞ்சில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை நோய் வந்த பூனைக்கு முதல் தடவையாக இன்சுலின் எழுதும்போது, பல மருந்துச்சீட்டுகளில் ‘கிளார்ஜின், 1 யூனிட், காலை மாலை’ என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. எந்த சிரிஞ்ச் என்று எழுதப்படுவதில்லை. மருந்துக்கடையில் ‘இன்சுலின் சிரிஞ்ச் கொடுங்கள்’ என்றால் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுக்கிறார்கள். அது சிவப்பு மூடி சிரிஞ்சாக இருந்துவிட்டால், பூனைக்கு எழுதியதைப் போல இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். இதைத் தடுக்க மருத்துவர், கடைக்காரர், வீட்டார் மூவருமே சிலவற்றைக் கவனிக்க வேண்டியிருப்பதால் இந்தக் கடிதம்.

நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் விற்கிறது. பழைய வகை 10 மி.லி. குப்பிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் மருந்து. பேனா கார்ட்ரிட்ஜ்களிலும், கிளார்ஜின் போன்ற பின்னால் வந்த வகைகளிலும் ஒரு மி.லி.க்கு 100 யூனிட். ஆகவே சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மூடியைக் கழற்றிப் போட்டபின் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், குழலின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 என்ற கோடு வரை இழுத்தால் 0.025 மி.லி. வரும். குப்பியில் இருப்பது 100 யூனிட் மருந்து என்றால் அந்தத் துளியில் இரண்டரை யூனிட் இருக்கிறது. 70 கிலோ மனிதருக்கு ஒன்றரை யூனிட் கூடினால் பெரும்பாலும் தெரியக்கூடச் செய்யாது. 4 கிலோ பூனைக்கு அது வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடிய அளவு.

தவறு எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். கால்நடைகளுக்கென்றே தயாராகும் கானின்சுலின் 40 யூனிட் வகை. அதை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 1 கோடு எடுத்தால் 0.4 யூனிட்தான் உள்ளே போகும். சர்க்கரை இறங்கவில்லையே என்று வாரா வாரம் டோஸைக் கூட்டுவார்கள். ஒரு நாள் சரியான சிரிஞ்ச் கைக்கு வரும்; அதே எண்ணில் போடுவார்கள்; அன்று மாலைக்குள் பூனை நிலைகுலைந்துவிடும். சிரிஞ்ச் வகை மாறினால் அதை மருந்தே மாறியதாக எண்ணி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டூஜியோ என்று ஒரு கிளார்ஜின் பேனா இருக்கிறது; அதில் ஒரு மி.லி.க்கு 300 யூனிட். அதிலிருந்து சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சி எடுக்கவே கூடாது.

100 யூனிட் சிரிஞ்சிலும் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். 1 மி.லி. சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு கோடு என்பது 2 யூனிட். அதில் 1 யூனிட் அளக்க முடியாது, கண்ணால் ஊகிக்கத்தான் முடியும். பூனைக்கு வேண்டியது 0.3 மி.லி. சிரிஞ்ச், அரை யூனிட் கோடு போட்டதாகக் கிடைத்தால் மிக நல்லது. சீட்டில் இப்படி எழுதுங்கள் என்று சக மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ‘கிளார்ஜின் 100 யூனிட்/மி.லி.; 1 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை; 100 யூனிட் சிரிஞ்ச், 0.3 மி.லி., ஆரஞ்சு மூடி.’ ஒரு வரி கூடுதலாக எழுத அரை நிமிடம்கூட ஆகாது.

இன்சுலினைத் தொடங்கும் முன் நோயை உறுதி செய்துகொள்வது முக்கியம். ஆரோக்கியமான பூனையின் ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 80 முதல் 120 வரை இருக்கும். ஆனால் கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய் குரைக்கும் வராந்தாவில் காத்திருக்க வைத்த பூனைக்குப் பயத்திலேயே அது 300-ஐத் தாண்டலாம். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து இன்சுலின் தொடங்கக் கூடாது. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா, கடந்த ஒன்றிரண்டு வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வீட்டில் தெரியும் அறிகுறிகளும் உதவும்: தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாவது, நன்றாகச் சாப்பிட்டும் உடல் இளைப்பது, மணல் தட்டில் ஈரக்கட்டிகள் பெரிதாவது, பூனை சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பது. நோய் முற்றினால் பின்னங்கால் விரல்களை ஊன்றி நடக்கும் பூனை குதிகாலையே தரையில் பதித்து நடக்கும். அது நரம்பு பாதிப்பு. வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது.

தோல் அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரையைக் கிளப்பிவிட்டதே அந்த ஊசியாக இருக்கலாம். நீடித்து வேலை செய்யும் ஸ்டீராய்டின் வேகம் அடங்கும்போது இன்சுலின் தேவையும் இறங்கிவிடும். ஈறு அழற்சி, சிறுநீர்ப்பாதைத் தொற்று, கணைய அழற்சி இவற்றில் ஏதாவது இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது; அதையும் சேர்த்துக் குணப்படுத்தினால்தான் டோஸ் நிலைக்கு வரும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகளுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. மீன் குழம்புச் சோறு, பால் சோறு, தயிர் சோறு என்று வளர்ந்த பூனைக்குச் சர்க்கரை என்றதும், சோற்றை ஒரே நாளில் நிறுத்திவிட்டு வேகவைத்த கோழியும் மீனும் மட்டும் வைக்கிறார்கள். மாவுச்சத்தைக் குறைப்பது சரியான காரியம்தான். ஆனால் மாவுச்சத்து போனதும் இன்சுலின் தேவையும் சரசரவென்று இறங்கும். பழைய சாப்பாட்டுக்குப் பொருந்திய டோஸ் புதிய சாப்பாட்டுக்கு மிகையாகிவிடும். உணவை மாற்றப்போகும் நாளை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, டோஸையும் கண்காணிப்பையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். வெறும் கோழிக்கறியை மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியமும், பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்தும் பற்றாமல் போகும். பூனைகளுக்கான ஈர உணவே பாதுகாப்பானது. உலர் தீவனத்தில் பொதுவாக மாவுச்சத்து அதிகம்.

இனி ஊசி போடும் முறை. கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும்; கலங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள். குலுக்க வேண்டாம். வேறு இன்சுலினோடு கலக்கவோ தண்ணீர் விட்டு நீர்க்கவைக்கவோ கூடாது. இந்த மருந்து அமிலத்தன்மை உள்ள கரைசலாக இருக்கிறது. தோலுக்கடியில் போனதும் நுண்துகள்களாகப் படிந்து மெல்ல மெல்லக் கரைவதால்தான் நீண்ட நேரம் வேலை செய்கிறது. நீர்க்கவைத்தால் அந்த ஏற்பாடே கெட்டுவிடும். சிரிஞ்சில் எடுத்தது கூடிவிட்டால் திரும்பக் குப்பிக்குள் தள்ளாதீர்கள், வெளியே கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜில் கதவுத் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரை ஒட்டிய இடத்தில் வைத்து உறைந்துபோன இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது.

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. பூனை சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தபின் போடுங்கள். பிடரியைவிட விலாப்பக்கமும் வயிற்றின் பக்கவாட்டும் நல்லது. பிடரியில் ரத்த ஓட்டம் குறைவு, மருந்து ஒரே சீராக உறிஞ்சப்படாது. இரண்டு விரலால் தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடிவாரத்தில் ஊசியைச் சரிவாகச் செலுத்துங்கள். நுனி மடிப்பின் மறுபக்கம் வந்துவிட்டால் மருந்து முடியில்தான் போகும். போட்டபின் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால், மருந்து வாசனை வந்தால், சிந்திவிட்டது என்று பொருள். அப்போதும் இன்னொரு டோஸ் போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வேளை டோஸ் தவறுவதால் பூனைக்குப் பெரிய கேடு வராது. இரட்டை டோஸ் பூனையைக் கொல்லக்கூடும். ஒருவர் போட்டது தெரியாமல் மற்றவரும் போட்டுவிடுவது வீடுகளில் சர்வசாதாரணம். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தாளை ஒட்டி, போட்டவர் உடனே குறித்துவையுங்கள்.

தொடக்க டோஸ் பெரும்பாலான பூனைகளுக்கு 1 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. பெரிய பூனைக்கும் முதலில் 2 யூனிட்டைத் தாண்டக் கூடாது. முதல் வாரத்தில் சர்க்கரை 300, 350 என்று நிற்பதைப் பார்த்து வீட்டார் பதறுவது இயல்பு. கிளார்ஜினின் முழு வேலை தெரிய நாள் பிடிக்கும். டோஸைக் கூட்டுவதென்றால் குறைந்தது 5 முதல் 7 நாள் காத்திருந்து, அதுவும் அரை யூனிட், அதிகம் போனால் ஒரு யூனிட் மட்டும். ஊசிக்கு முந்தைய எண்ணை மட்டும் பார்த்துக் கூட்டுவதுதான் நான் மிகவும் அஞ்சும் பழக்கம். காலையில் 380 இருக்கும் பூனைக்கு மதியம் 70 ஆக இறங்கியிருக்கலாம். ஒரு நாள் முழுக்க, ஊசிக்கு முன் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்த ஊசி வரை பார்த்தால்தான் அடிமட்டம் எங்கே என்று தெரியும். அந்த அடிமட்டம் 80 முதல் 150-க்குள் வந்தால் டோஸ் சரி. ஊசி நேரத்தில் 150-க்குக் கீழே இருந்தால் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ரத்தம் எடுப்பது பயப்படுமளவு கடினமில்லை. காது மடலை வெதுவெதுப்பான துணியால் சற்று சூடாக்கி, பின்னால் பஞ்சு வைத்து, விளிம்பு ரத்தக்குழாயை ஒட்டிக் குத்தினால் கடுகளவு துளி வரும். ஸ்ட்ரிப்புக்கு அது போதும். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டும் போக்கு உடையது. அதனால் எப்போதும் ஒரே மீட்டரைப் பயன்படுத்துங்கள், எந்த மீட்டர் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மனிதர்கள் கையில் ஒட்டும் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் 14 நாள் சென்சாரை முடி மழித்துப் பூனையின் உடம்பில் ஒட்டுவதும் உண்டு. பல பூனைகள் கெடுவுக்கு முன்பே அதைப் பிய்த்துப் போட்டுவிடும். ஆனாலும் கிடைத்த சில நாள் வரைபடமே டோஸைத் தீர்மானிக்கப் பெரிதும் உதவும்.

சர்க்கரை தாழ்ந்தால் பூனை மூலையில் ஒளியும், தள்ளாடும், நடுங்கும், சில சமயம் வெறிபிடித்ததுபோல் உணவு கேட்கும், பிறகு வலிப்பு. 60-க்குக் கீழே போனால் அவசரம். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே வழக்கமான உணவைக் கொடுங்கள். சாப்பிடாவிட்டால் தேனையோ, சிறிது நீரில் குழைத்த குளுக்கோஸ் பொடியையோ விரலால் ஈறில் தேயுங்கள். வலிப்பு வந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; நுரையீரலுக்குள் போய்விடும். தெளிந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்துவிடவும் கூடாது. கிளார்ஜின் இன்னும் பல மணி நேரம் உடம்பில் வேலை செய்யும், சர்க்கரை மறுபடி இறங்கும். மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சீக்கிரமே சிகிச்சை தொடங்கிய பூனைகளில் சிலவற்றுக்குச் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போகும். நல்ல செய்தி அது. ஆனால் அளந்து பார்க்காத வீட்டில் அந்த நல்ல செய்தி முதலில் வலிப்பாகத்தான் வந்து தெரியும்.

மாத்திரைகள் பற்றியும் சொல்ல வேண்டும். பூனைகளுக்கென்று பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும், வெலாகிளிஃப்ளோசின் வாய்வழிக் கரைசலுக்கு 2023 ஆகஸ்டிலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. ஊசி வேண்டாம் என்றதும் ஆசை வருவது நியாயமே. இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. உடலில் சொந்த இன்சுலின் ஓரளவு சுரக்கும் பூனைக்குத்தான் இவை பொருந்தும். ஏற்கெனவே இன்சுலின் போட்டுவந்த பூனைக்குக் கொடுக்கக் கூடாது என்று அங்கே மருந்தின் உறையிலேயே எச்சரிக்கை உண்டு. சுரப்பு போதாத பூனைக்குக் கொடுத்தால் மீட்டரில் சர்க்கரை 120 என்று அழகாகத் தெரியும், உள்ளே, கொழுப்பு எரிவதால் ரத்தத்தில் சேரும் கீட்டோன் அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். இந்த மருந்தில் இருக்கும் பூனை சாப்பிட மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து படுத்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு அன்றே கீட்டோன் பார்க்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு எழுதிய, இதே வகைச் சர்க்கரை மாத்திரையான டாபாகிளிஃப்ளோசினை உடைத்துப் பூனைக்குக் கொடுப்பது இதே ஆபத்தை மருத்துவரின் கண்காணிப்பே இல்லாமல் வரவழைப்பதாகும். மெட்ஃபார்மினும் பூனைக்குச் சரிப்படுவதில்லை.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகள் இரண்டையும் உண்மையான அளவில் படமாகப் போட்டு, எதில் எந்த இன்சுலினை எடுக்க வேண்டும் என்பதைத் தமிழில் விளக்கி ஒரு பக்கத் துண்டறிக்கை வெளியிடுங்கள். கால்நடை மருத்துவமனைகளில் முதல் இன்சுலின் சீட்டோடு அதைக் கொடுக்கட்டும். மருந்துக்கடைகளின் சுவரிலும் ஒட்டட்டும்.

இப்படிக்கு,
சிறு விலங்குகளுக்குச் சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவர்,
திருச்சி.