மூன்றரை மணி வெயிலுக்கு நன்றி

அன்புடையீர்,

அசீரியக் கல்வெட்டொன்றைப் பற்றிய என் கட்டுரை அச்சேறும் தறுவாயில் நிறுத்தி வைக்கப்பட்டதையும் அதன்பின் நான் பட்ட பாட்டையும் நீங்கள் அறிவீர்கள். அவற்றை மீண்டும் சொல்லப் போவதில்லை. நேற்று மாலை அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லின் முன் கண்டது மனத்தில் ஆறுவதற்குள் இம்மடலை எழுதிவிட விரும்புகிறேன்.

அசீரிய அரசன் இரண்டாம் அஷுர்நசிர்பால் (ஆட்சி கி.மு. 883–859) கல்ஹு நகரில், அதாவது இன்றைய ஈராக்கின் நிம்ரூதில், எழுப்பிய அரண்மனையில் ஒரே வாசகம் கற்பலகைக்குக் கற்பலகை திரும்பத் திரும்ப வெட்டப்பட்டிருப்பதால், பாடபேதம், அதாவது படிக்குப் படி மாறும் சொல், தேடுவதே எங்கள் வேலையாகிவிட்டது. அரண்மனைக்கு உதவிய ஏழு மரங்களை அடுக்கும் இடத்தில், கேதுருவில் தொடங்கும் வரிசையின் கடைசி மரம் இந்த அருங்காட்சியகப் பலகையில் விடுபட்டுள்ளது என்று நிழற்படத்தை மட்டும் நம்பி எழுதியவன் நான்.

இரண்டு நாள் மேல்விளக்கின் அடியில் நின்று பார்த்தும் அந்த இடத்தில், எழுத்து ஓடும் சிற்ப உருவத்தின் ஆடைக் குஞ்சம்தான் தெரிந்தது. மூன்றாம் நாள், அக்கூடத்தில் பல்லாண்டுகளாகக் காவலிருக்கும் பெரியவர் தயங்கியபடி வந்து, மூன்றரை மணி வரை இருக்க முடியுமா என்று கேட்டார். ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன அக்கல்லின் ஆப்பெழுத்தில் ஒரு குறியும் அறியாத அவருக்கு, மேற்குச் சன்னல் வெயில் அந்தக் கல்லை எப்போது தொடும் என்பது தெரிந்திருந்தது. நேரம் வந்ததும் மேலாளரிடம் கேட்டு விளக்குகளை அணைத்தார். திரையை ஒரு முழம் விலக்கினார். சாய்ந்து விழுந்த ஒளியில், சிறகுள்ள காவல் தெய்வத்தின் குஞ்சக் கோடுகளுக்கு நடுவே, 'மரம்' என்பதை உணர்த்தும் குறி நிழல் கட்டி எழுந்தது; அதையடுத்து, இல்லவே இல்லை என்று நான் சாதித்த பெயரும். கல்தச்சன் எதையும் விடவில்லை. கால்மணி நேரத்தில் வெயில் நகர, எல்லாம் மறுபடியும் குஞ்சமாயிற்று.

என் வாசிப்பை முதலில் ஐயுற்றவருக்கும் (அன்று கோபப்பட்டேன், பொறுத்தருள்க), கல்லின் மேல் ஈரத்தாளை அழுத்தி எடுத்த பழைய அச்சுப்படிகளைத் தேடித் தந்த சேகரிப்புப் பொறுப்பாளர்களுக்கும், இரவெல்லாம் உடன் ஒப்பிட்ட மாணவர்களுக்கும் என் நன்றி.

19ஆம் நூற்றாண்டில் எடையைக் குறைப்பதற்காகப் பல பலகைகளின் பின்புறத்தை அறுத்தெறிந்தார்கள். அங்கிருந்த எழுத்தும் அதோடு போயிற்று. 2015இல் அந்த அரண்மனையே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சியிருக்கும் கல்லை நேரில் பாராமல் இனி ஒரு வரியும் அச்சுக்குத் தரமாட்டேன்.

கட்டுரையில் பெயர் குறிப்பிடலாமா என்று பெரியவரைக் கேட்டேன். பெயர் வேண்டாம், நேரத்தை மட்டும் போட்டுவிடுங்கள், அடுத்து வருபவருக்கு உதவும் என்றார். போட்டுவிட்டேன்.

நன்றியுடன்,
உங்கள் தோழன்