கிள்ளான் பள்ளத்தாக்கு வொர்க்‌ஷாப்காரர்களுக்கு: பழைய பிளாக்கும் புது பிளாக்கும்

செந்தூல், செகாம்புட், கெப்போங் பக்கம் வொர்க்‌ஷாப் நடத்தும் அண்ணன்மாரே, தம்பிமாரே, வணக்கம்.

"பழைய சாகா பிளாக் சுத்த இரும்பு, இப்போ வர்றதெல்லாம் தகரம்" என்று என்ஜின் பிளாக்கைப் பற்றி (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்கள் உள்ள பாகம்) வாடிக்கையாளரிடம் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நான் சிலிண்டர் போர் போடுகிறவன், அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குகிறவன். இந்தப் பேச்சை நம்பி நல்ல காரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

1985-ல் வந்த நம் மலேசியக் கார் புரோட்டோன் சாகாவில் மிட்சுபிஷி ஓரியன் என்ஜின், வார்ப்பிரும்பு பிளாக். நன்றாகத் தாங்கியது, யார் மறுத்தார்கள்? ஆனால் பழைய வார்ப்பு முறையில், உள்ளே வெற்றிடம் விட அச்சுக்குள் வைக்கும் மணல் கரு, உருகிய இரும்பை ஊற்றும்போது கொஞ்சம் நகர்ந்துவிடும், ஒரு பக்கச் சிலிண்டர் சுவர் தடித்து எதிர்ப்பக்கம் மெலியும், அது தெரிந்துதான் சுவரையே தாராளமாக வைத்தார்கள். அந்தத் தாராளம் இருந்ததால்தான் 0.25, 0.50, 1.00 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (அவ்வளவு பெரிய) பிஸ்டன் போட்டு நாம் திரும்பத் திரும்ப ஓட்டினோம். அளவில் இன்றைய வார்ப்புதான் துல்லியம்.

டொயோட்டா வியோஸில் வந்த 1என்இசட் என்ஜினை எடுங்கள். அலுமினிய பிளாக், உள்ளே மெல்லிய வார்ப்பிரும்பு லைனர் (சிலிண்டரின் உள்ளுறை). வார்ப்பிரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம், அலுமினியத்துக்கு 2.7, எடை குறையத்தான் செய்யும். தேவையான அளவுக்குத்தான் உலோகம் இருக்கிறது, நாம் சுரண்டி எடுக்க மிச்சம் கிடையாது. அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் ஓவர்ஹீட்டையும் மன்னிக்காது. டொயோட்டா கேம்ரியின் 2ஏஇசட் என்ஜினில், மேல்மூடியான ஹெட்டைப் பிளாக்கோடு பிடிக்கும் ஹெட் போல்ட்டின் மரை பிளாக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்ததே, பலர் பார்த்திருப்பீர்கள்.

புதுசில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2006 மாடலிலிருந்து வந்த ஹோண்டா சிவிக் 1.8-இல் சில பிளாக்குகள் வெடிப்பு விட்டு கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்து, அமெரிக்காவில் அந்த பிளாக்குக்கு வாரண்டியை 10 வருடம்வரை நீட்ட வேண்டியதாயிற்று. அது தயாரித்தவர்கள் தவறு, ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் அலுமினிய பிளாக்குக்குக் கூலண்டுக்குப் பதில் பைப் தண்ணீர் ஊற்றுவது யார் தவறு? உள்ளே அரித்துத் தின்றுவிடுகிறது, அப்புறம் "வார்ப்பு சரியில்லை" என்கிறோம். கை உணர்வை நம்பி ஹெட் போல்ட் இறுக்குவதும் அப்படித்தான், நீண்டுபோன பழைய போல்ட்டையே திரும்பப் போடுவதும் அப்படித்தான் (இது எனக்குப் பெரிய எரிச்சல்).

அதனால் என் கோரிக்கை இது: இரும்போ அலுமினியமோ, போர் போட அனுப்பும் முன் அல்ட்ராசோனிக் கருவியால் சுவரின் தடிமனை நாலு பக்கமும் அளக்கச் சொல்லுங்கள், ஹெட் உட்காரும் தளம் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள், அந்த எண்களை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். ஹாஃப்-கட் (பழைய காரை வெட்டி எடுத்த, என்ஜின் உள்ள முன்பாதி) விற்கிறவர்களும் ஹெட்டைக் கழற்றிக் காட்டிவிட்டு விலை பேசுங்கள். காசு கொடுக்கிறவர் அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.