கூட்டத்துக்கு நடுவே ஓர் ஆற்றங்கரை

அன்புள்ள மகனுக்கு,

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் இருக்கிற ஸயான் தேசியப் பூங்காவுக்குப் போகலாமா, கூட்டத்தை நினைத்தால் யோசனையாக இருக்கிறது என்று கேட்டிருந்தாய். யோசனை நியாயம்தான். 2021-இல் மட்டும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் வந்துபோன பூங்கா அது. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் போவது ஒரே பள்ளத்தாக்குக்குள், அதிலும் நாலைந்து இடங்களுக்கு. பூங்கா பஸ்ஸில் ஏறி, வழியில் இருப்பதை எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கடைசி நிறுத்தத்தில்தான் இறங்குவார்கள். அவர்கள் தாண்டிப் போகிற இடத்தில்தான் உனக்கு வேலை.

போன இலையுதிர் காலத்தில் நானும் அம்மாவும் நடந்த பாரஸ் டிரெயிலைச் சொல்கிறேன். பார்வையாளர் மையத்தின் பக்கத்திலேயே தொடங்கி, வர்ஜின் ஆற்றை ஒட்டி கேன்யன் ஜங்ஷன் வரை போகிறது. போய்வர ஐந்தரைக் கிலோமீட்டர் இருக்கும். தளம் போட்ட பாதை, ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, குழந்தையின் தள்ளுவண்டி தாராளமாகப் போகும். நாயையும் சைக்கிளையும் அனுமதிக்கிற பாதை அந்தப் பூங்காவிலேயே இது ஒன்றுதான் என்பதால் அவ்வப்போது பின்னால் மணியடிப்பார்கள், ஓரமாக நகர்ந்துகொள். சாலையும் வெகுதூரத்தில் இல்லை. காட்டுக்குள் இருக்கிற மாதிரி அமைதி கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பஸ் போன பிறகு, கற்களின் மேல் தண்ணீர் உரசி ஓடுவது தெளிவாகக் கேட்கும்.

எல்லோரும் மையத்திலிருந்து மேலே நடப்பார்கள். நீ பஸ்ஸில் கேன்யன் ஜங்ஷன் போய் இறங்கி, கீழ்நோக்கி நட. மாலையில், சூரியன் இறங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது தொடங்கினால் சரியாக இருக்கும். வாட்ச்மேன் என்கிற அந்தப் பெரிய சிவப்புக் குன்று முழுக்க உன் கண்ணெதிரே இருக்கும். வெயில் சாயச் சாய அதன் நிறம் ஏறிக்கொண்டே போகும். நடை முடிகிற மையத்திலேயே கார் நிற்கும், திரும்பி வர வரிசையில் நிற்க வேண்டாம். பாலங்களில் நின்று ஆற்றைப் பார். நாங்கள் பார்த்தபோது முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. இந்தத் தண்ணீரா அறுநூறு மீட்டர் உயரப் பாறையை அறுத்தது என்று அம்மா நம்பவே இல்லை! மழைக்காலத்தில் பெருகி வருகிறபோது அது மணலையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வருகிற வேகத்தைச் சொல்லித்தான் சமாதானம் செய்தேன். இருட்டுகிற நேரத்தில் மான்கள் பாதை ஓரம் வரை வந்து மேயும். கிட்டே போகாதே.

ரிவர்சைட் வாக் என்று கடைசி நிறுத்தத்தில் ஒன்று இருக்கிறது. அதுவும் ஆற்றங்கரைதான், போய்வர மூன்றரைக் கிலோமீட்டர். பாறையிலிருந்து நீர் கசிந்து, அந்த ஈரத்தில் சுவரிலேயே பெரணி தொங்குகிற இடம். பத்து மணிக்குப் போனால் தேர் வடம் பிடிக்கிற கூட்டம். நேரோஸ் என்கிற, ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டிய குறுகிய பள்ளத்தாக்கில் இறங்கப் போகிறவர்கள் கையில் கம்போடு முட்டிக்கொண்டு போவார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடு. நாங்கள் விடியலில் போனோம். சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஒரு பறவை ஆற்றுக் கல்லில் நின்று தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று தண்ணீருக்குள் முங்கி, கொஞ்சம் தள்ளி வேறொரு கல்லில் ஏறியது. டிப்பர் என்று பெயராம். அங்கே இருக்கிற அணில்கள் பழகியவை மாதிரி காலடிக்கே வரும். கடிக்கும், குழந்தையின் பிஸ்கட்டைப் பத்திரமாக வை.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்கிற செங்குத்தான பாறை உச்சியைப் பற்றி உன் நண்பன் சொன்னதை மற. 2022 ஏப்ரலிலிருந்து அதற்குக் குலுக்கலில் அனுமதி வாங்க வேண்டும், கைக்குழந்தையோடு போகிற இடமும் இல்லை.

இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆற்றுத் தண்ணீரில் நச்சுப் பாசி இருப்பதாக அறிவிப்பு வைத்திருப்பார்கள். குழந்தை வாயில் படாமல் பார்த்துக்கொள். நம் வடிகட்டிப் பாட்டிலெல்லாம் அதற்கு உதவாது. அப்புறம், தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே எங்கோ மழை பெய்து வெள்ளம் வரும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் குப்பையும் மிதந்து வந்தாலோ படம் எடுத்துக்கொண்டு நிற்காதே, மேட்டுக்கு ஏறிவிடு.

காரை எட்டு மணிக்குள் உள்ளே நிறுத்தப் பார். கிடைக்காவிட்டால் ஸ்பிரிங்டேல் ஊருக்குள் விட்டுவிட்டு அங்கிருந்து இலவச பஸ்ஸில் வாசல் வரை வரலாம். பள்ளத்தாக்கு பஸ் கடைசியாக எத்தனை மணிக்கு என்பதைப் பலகையில் பார்த்து வைத்துக்கொள். கடைசி நிறுத்தத்தில் அதைத் தவறவிட்டால் பதினாலு கிலோமீட்டர் நடை, அதுவும் தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு.

மருமகளுக்கு ஒரு ஜாக்கெட் கூடுதலாக எடுத்துவைக்கச் சொல்கிறாள் அம்மா. வெயில் மறைந்ததும் அங்கே குளிர் சட்டென்று இறங்கும்.

அன்புடன்,
அப்பா